எல்லை காட்டினவன் பேரு கணக்கில் இல்லை

எங்க ஆயா ஒரு கதை சொல்லும். ரெண்டு ஊருக்கு நடுவுல எல்லைத் தகராறு வந்தால் கர்ணத்தைக் கேட்கமாட்டார்களாம், ஆண்டையையும் கேட்கமாட்டார்களாம். வெட்டியானைத்தான் கூப்பிடுவார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு, தலையில் தண்ணிக் குடத்தை வைத்துக்கொண்டு அவன் நடக்க வேண்டும். அவன் கால் போன வழிதான் எல்லை. பொய்யாக நடந்தால் அவன் குடி விளங்காது என்பது பயம். "உங்க தாத்தன் நடந்தா ரெண்டு ஊரும் பின்னாலயே நடக்கும்டா. அவுரு நட்டு வெச்ச கல்லு இன்னமும் ஏரிக்கோடியில கீது" என்று ஆயா சொல்லும்போது அதன் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அந்தப் பெருமைக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது என்று எனக்குப் புரிய முப்பது வயசு ஆனது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தாலுகா ஆபீசுக்குப் போனேன். தாத்தா உழுத ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தின் 'அ' பதிவேட்டு நகல் வேண்டும் என்று மனு கொடுத்தேன். மூணு தடவை அலைந்தபிறகு ஒருத்தர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். "இந்த சர்வே நம்பர் வேற பேர்ல இருக்கு தம்பி. டி.சி. நிலம்னு எங்க எழுதியிருக்கு, நீயே பாரு." பார்த்தேன். எழுதவில்லை. ஊருக்கே எல்லை காட்டினவனுடைய பேரு அந்த ஊர்க் கணக்கில் எந்த வரியிலும் இல்லை. இது எப்படி நடந்தது என்று தேடிக்கொண்டு போனதில் நான் இருநூற்று அறுபது வருஷம் பின்னால் போக வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

பேரரசு என்றதும் நமக்குப் பீரங்கியும் குதிரையும் ஞாபகத்துக்கு வருகின்றன. பள்ளிக்கூடப் புத்தகம் அப்படிப் பழக்கிவிட்டது. செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்காரன் முழுங்கின கதையில் பீரங்கி குறைவு, கணக்குப் புத்தகம் அதிகம்.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னைக் கோட்டையைச் சுற்றியிருந்த நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தான். அரியணைச் சண்டையில் கும்பினிப் படை அவனுக்காகச் சண்டை போட்டதற்கு அது கைம்மாறு. 1765-ல் தில்லி பாதுஷா ஷா ஆலம் அதற்கு முத்திரை வைத்தார். நவாப் கொடுத்தான், பாதுஷா ஒப்புக்கொண்டான், கும்பினி வாங்கிக்கொண்டது. அந்த மண்ணில் சேடை ஓட்டியவனையும் நாத்து நட்டவளையும் யாரும் கேட்கவில்லை. வாங்கிய கையோடு அதே நிலத்தை அதே நவாபுக்குக் குத்தகைக்கு விட்டு, 1780 வரை கும்பினி உட்கார்ந்த இடத்தில் காசு பார்த்தது.

அந்த நாட்களிலேயே அளக்கவும் தொடங்கிவிட்டார்கள். 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினி இஞ்சினீர் இந்த ஜாகீரை அளந்தான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, தோப்பு, காடு, தரிசு எவ்வளவு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் எழுதப்பட்டன. பர்னார்டுக்குத் தமிழ்நாட்டு ஏரிக்கோடியும் காட்டுவழியும் கனவிலா தெரியும்? ஊர் ஊராக யாரோ முன்னால் நடந்து "இதுவரைக்கும் எங்க ஊரு துரை" என்று காட்டியிருக்க வேண்டும். அந்த யாரோ யாராக இருந்திருப்பான் என்று ஆயாவின் கதையைக் கேட்ட எனக்குச் சந்தேகமே இல்லை. கால் நம்முடையது. காகிதம் அவர்களுடையது.

இந்தப் பழைய கணக்குகளில் ஒரு சொல் வருகிறது. 'சுதந்திரம்'. நாம் ஆகஸ்டு 15-க்குக் கொடியேற்றும் சுதந்திரம் இல்லை. களத்தில் நெல் அடித்து அளக்கும்போது, அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னால், ஊர் வேலை செய்தவர்களுக்கு எடுத்து வைக்கும் பங்குக்கு அந்தப் பேர். கர்ணம், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், தலையாரி, வெட்டியான் என்று ஒவ்வொருத்தருக்கும் இத்தனை மரக்கால் என்று கணக்கு. தரம்பால் என்ற காந்தியவாதி ஆய்வாளர் இந்தச் செங்கல்பட்டுக் கணக்குகளைத் தோண்டியெடுத்து, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் கிராமங்கள் எவ்வளவு செழிப்பாக, எல்லாருக்கும் பங்கு வைத்து வாழ்ந்தன என்று காட்டினார். அவர் எடுத்த எண்கள் முக்கியமானவை. ஆனால் மரக்கால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா? அந்த மரக்காலை எந்தத் தூரத்தில் நின்று வாங்கினான் என்று எந்தக் கணக்கிலாவது எழுதியிருக்கிறதா? களத்து மேட்டில் துண்டை விரித்துக் குனிந்து வாங்கினது என் தாத்தனின் தாத்தன். அதற்குச் சுதந்திரம் என்று பேர் வைத்தவன் அவன் இல்லை.

1780-ல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமைக்குள் வந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, சனங்கள் திக்குக்கொருவராக ஓடினார்கள். சண்டை முடிந்தபிறகு கும்பினி நேரடியாகவே வசூலுக்கு இறங்கியது. வசூலிக்க வேண்டுமென்றால் விளைய வேண்டும். விளைய வேண்டுமென்றால் ஓடிப்போன ஆள் திரும்பி வந்து ஓரிடத்தில் உட்கார வேண்டும். 1794-லிருந்து 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸுக்கு இதுதான் பெரிய கவலை. ஏரிகளைச் செப்பனிட்டார், ஊர்களைக் குடியேற்றினார். ஊரில் யாரோடு பேசுவது, யாரை நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது அவர் கண்ணில் பட்டவர்கள் மிராசுதாரர்கள். வேளாளரும் பார்ப்பனரும் பெரும்பாலும் வைத்திருந்த ஊர்ப் பங்குதான் மிராசு.

1802-ல் ஜாகீரை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டுப் பார்த்தார்கள். எடுத்தவர்கள் கட்ட முடியாமல் அது சில வருஷத்தில் படுத்துவிட்டது. பிறகு தனித்தனிக் குடியோடு கணக்கு வைக்கும் ரயத்துவாரிக்கு வந்தார்கள். முறை மாறிக்கொண்டே இருந்தது. மிராசு மட்டும் மாறவில்லை. மாறாதபடி அதைச் சட்டமொழியில் எழுதி வைத்தவர்களில் ஒருவரை எம்.ஏ. தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். எல்லீசன். எஃப்.டபிள்யூ. எல்லிஸ்.

வகுப்பில் எல்லீசனைப் பற்றி வாத்தியார் உருகி உருகிச் சொல்வார். திருக்குறளுக்கு உரை எழுதியவர், வள்ளுவர் உருவம் போட்டுக் காசு அடித்தவர், சென்னையில் கிணறு வெட்டித் தமிழில் கல்வெட்டு வைத்தவர், கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1816-ல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சொன்னவர். எல்லாம் உண்மைதான். என் தாத்தா கந்தப்பன் கொடுத்த ஓலைச்சுவடிதான் ஹாரிங்டன் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருப்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சேரிக்காரன் வீட்டிலிருந்து குறள் போனது வகுப்புக்கு வரவில்லை. அதே எல்லீசன் மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818-ல் அச்சானது என்பதும் வரவில்லை. மிராசு என்பது தொன்றுதொட்டு வந்த உரிமை, அதை அரசு மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிலத்தோடு கட்டுண்ட அடிமையாட்களைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. குறள் படித்த கைதான் அதையும் எழுதியது. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மைத் தெரிந்த ஒருத்தன்கூட நிலம் என்று வந்தால் யாரைச் சொந்தக்காரனாகப் பார்த்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆண்டைக்கு முன்னாலும் அதிகாரம் இருந்தது. அடியாள் இருந்தான், சவுக்கு இருந்தது, சாணிப்பால் இருந்தது. ஆனால் பஞ்சம் வந்தால், சண்டை வந்தால், படியாள் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துச் சீமைக்குப் போய்விடலாம். ஆள் பஞ்சம் இருந்த காலத்தில் போன இடத்தில் ஏரும் கொடுப்பார்கள். கும்பினி வந்தபிறகு பக்கத்துச் சீமையும் கும்பினியுடையது. ஊர் வழக்கமாக இருந்தது கச்சேரியில் செல்லுபடியாகும் உரிமையாக ஆனது. தரிசு நிலத்தை எடுத்து உழ ஒரு பறையன் 'தர்க்காஸ்து' மனு போட்டால், எனக்குத்தான் முதல் உரிமை என்று மிராசுதார் வந்து நிற்கலாம். நிற்பார். மனு தள்ளுபடியாகும். சேரி இருந்த நத்தம்கூட மிராசுதாருடைய மனை என்று பேசப்பட்டது. கூலி அதிகம் கேட்டாலோ, பிள்ளையைப் பாதிரி பள்ளிக்கு அனுப்பினாலோ, "என் மனையைக் காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை போதும்.

1843-ல் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளாது என்று சட்டம் போட்டார்கள். நல்லது. 1859-ல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத ஆளைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கலாம் என்றது அது. அடிமை என்ற பேரு போய்க் கடன்காரன் என்ற பேரு வந்தது. கல்யாணத்துக்கு வாங்கின பத்து ரூபாய்க்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடந்த கதை நம்மில் எத்தனை வீட்டில் இல்லை?

1876-ல் தாது வருஷப் பஞ்சம். மாமல்லபுரம் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், ரதத்தைப் பார்க்கிறார்கள். ஊருக்கு மேற்கே வடக்கு தெற்காகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை யாரும் நின்று பார்ப்பதில்லை. 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வெட்டு அது, பிறகு தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. உப்பும் விறகும் நெல்லும் அதில் படகில் போயின. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்காம் பேரு முழுக் கால்வாய்க்கும் வந்தது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலை செய்த ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. பசியோடு மண் சுமந்தவர்களில் ஒருத்தர் பேரும் இல்லாமல் கால்வாய் கிடக்கிறது.

மண் சுமக்காதவர்கள் கப்பல் ஏறினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலில் முதல் கூலிகளை இறக்கியது. 1911 வரைக்கும் நேட்டாலுக்கு மட்டும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். செங்கல்பட்டு அந்தக் கப்பல்களுக்கு ஆள் கொடுத்த ஜில்லாக்களில் ஒன்று. சொந்த ஊரில் ஒரு காணி இல்லாதவன் இன்னொரு நாட்டில் கரும்பு வெட்டி, அந்த நாட்டுப் பூர்வகுடியின் நிலத்தில் பேரரசு காலூன்ற உதவினான். பேரரசு தான் முழுங்கினவர்களைக் கொண்டே அடுத்தவர்களை முழுங்கும்.

1891 அக்டோபரில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்பவர் 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்று ஒரு அறிக்கையை அரசுக்கு எழுதினார். இவர்களுக்கு நிலம் கிடைக்காமல் தடுப்பது எது, கூலி என்ன, குடிசை யாருடையது, ஏன் படிக்க முடியவில்லை என்று ஒரு அதிகாரி சேரிக்குள் கண்ணைத் திறந்து பார்த்து எழுதிய ஆவணம் அது. செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் இருந்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிகளும் அதே காலத்தில் நிலத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1891-ல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இதே செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை நடத்தினார், 1893-ல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேரு வைத்தார். மனு எழுதுவது அடிமைப் புத்தி என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாதவன் ஊருக்கு மேலே இருக்கிற அரசோடு பேசினான். அதற்கு மனு எழுதத்தான் வேண்டும்.

டிரமன்ஹீர் கேட்டதையெல்லாம் அரசு கொடுக்கவில்லை. 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. அதுதான் பிறகு பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் பேரானது. சென்னை மாகாணம் முழுவதும் சேர்த்து 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பட்டாவில் நிபந்தனை உண்டு. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது. அதன்பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். நல்ல நிபந்தனைதான், பிடுங்கப்படாமல் காக்கும் வேலி. ஆனால் வேலிக்குள் கொடுத்தது எதை? ஏரிப்பாசனம் பாயும் நஞ்சையை இல்லை. மிராசுதார் விட்டுவிட்ட மேட்டையும் பாறையையும் கள்ளிக்காட்டையும். ஏர், மாடு, கிணறு எதுவும் இல்லாமல்.

இந்த மாதிரி யோசனை இங்கே மட்டும் வரவில்லை. நம்மைப் போலவே ஒரு பேரரசால் விழுங்கப்பட்ட இன்னொரு சனத்தைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். அதனால் கொஞ்சம் ஜப்பான் வரைக்கும் போய் வருவோம்.

ஜப்பானுக்கு வடக்கே உள்ள தீவில் ஐனு மக்கள் மீன்பிடித்து, மான் வேட்டையாடி வாழ்ந்தார்கள். மேஜி அரசு ரயிலும் தொழிற்சாலையும் புதுப் பட்டாளமும் என்று நாட்டை நவீனமாக்கிக்கொண்டிருந்த நேரம். 1869-ல் அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று புதுப்பேரு வைத்து, குடியேற்றத்துக்கென்று ஒரு ஆணையம் போட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று எழுதிக்கொண்டு தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஐனுக்களின் நச்சு அம்பு வேட்டைக்குத் தடை போட்டது. 1879-ல் தெற்கே ரியூக்யூ தீவுகளையும் சேர்த்துக்கொண்டது. 1899-ல் ஐனுக்களுக்காக ஒரு 'பாதுகாப்புச் சட்டம்' வந்தது. குடும்பத்துக்கு 5 ஹெக்டேர் வரை, சுமார் 12 ஏக்கர், நிலம். நிபந்தனை: வாரிசுக்குத் தவிர யாருக்கும் கொடுக்கக்கூடாது, பதினைந்து வருஷத்துக்குள் உழுது விளைவிக்காவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். மீன் பிடித்தவன் கையில் கலப்பையைக் கொடுத்து, நல்ல நிலத்தைக் குடியேறியவன் எடுத்துக்கொண்டபிறகு மிஞ்சியதைக் கொடுத்து, விளையவில்லை என்றால் நீ சோம்பேறி என்றார்கள். அந்தச் சட்டம் 1997-ல்தான் ரத்தானது. ஐனுக்கள் பூர்வகுடிகள் என்று ஜப்பான் தன் சட்டத்தில் எழுதியது 2019-ல்.

1892-ம் 1899-ம் ஏழு வருஷ இடைவெளி. இரண்டு அரசும் ஒன்றையொன்று பார்த்து எழுதின என்று நான் சொல்லவில்லை. முழுதாக விழுங்கினபிறகு ஒரு கவளத்தைத் திருப்பிக் கொடுத்து அதற்கும் நிபந்தனை போடுவது பேரரசுகளுக்குப் பொதுவான பழக்கம் என்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஐனுவின் நிலத்தைப் பறித்தவன் கடல் தாண்டி வந்தவன். நம் நிலத்தைப் பறித்தவன் கூப்பிடு தூரத்தில் ஊர்த்தெருவில் இருந்தான். பேரரசு அவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 1947-ல் கையெழுத்துப் போட்டவன் கப்பலேறிவிட்டான். காகிதம் ஊர்த்தெருவிலேயே இருந்தது.

காகிதத்தின் கதை அதற்குப் பிறகும் முடியவில்லை. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் வேலையை ஒழித்தது. நல்ல காரியம். அதற்குச் சற்று முன்பின்னாக, 1979-லிருந்து 1987 வரை, நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். சர்வே நடந்தது. யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர் பேரில் பட்டா. கடனுக்கும் மிரட்டலுக்கும் சாராயத்துக்கும் கைமாறியிருந்த டி.சி. நிலங்கள் பலவற்றில் டி.சி. என்ற இரண்டு எழுத்தே அந்தப் புதுப்பித்தலில் காணாமல் போயிற்று. பர்னார்டுக்குச் சங்கிலி பிடித்துத் தொலைத்தது ஒரு தடவை. கம்ப்யூட்டருக்குள் போகும் முன்னால் தொலைத்தது இன்னொரு தடவை. என் தாத்தனின் ஒன்றரை ஏக்கர் அப்படித்தான் போயிருக்கிறது.

காரணை ஊர்ச் சனங்கள் இதைக் கேட்டார்கள். எங்கள் பஞ்சமி நிலத்தைக் கொடு என்று நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயசு. நைனா அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை என்பதும், ஆயா வாசல்படியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதும் அம்மா சொல்லித்தான் தெரியும். நூற்றிரண்டு வருஷத்துக்கு முன் அரசே போட்ட ஆணையை அமல்படுத்தச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது. இன்றைக்கும் அக்டோபர் 10-ல் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தப் போகிறோம். போகிற சாலையின் இரண்டு பக்கமும் பிளாட்டு போட்டு மஞ்சள் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். கல் நடுவது நம் தாத்தன் வேலையாக இருந்தது.

இதோடு முடித்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் கடற்கரைப் பக்கம் இன்னொரு சனம் இருக்கிறது. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மாளைத் திரும்பக் கூப்பிட இருளர்கள் பல ஜில்லாவிலிருந்தும் வந்து மணலில் குச்சு கட்டித் தங்குவார்கள். மணலையே படியாகக் கட்டிப் பூசை. விடியற்காலையில் அங்கேயே கல்யாணம். பக்கத்திலேயே பல்லவன் கோயில். அதைப் பார்த்து அளந்து வெள்ளைக்காரன் 1798-லேயே கட்டுரை எழுதினான். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல்லுக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. கல்லுக்கு முன்னால் குச்சு கட்டிக் கிடக்கிறவர்களுக்கு ஊருக்குத் திரும்பினால் வீட்டுமனைகூட இல்லாமல் ஏரிக்கரையில்தான் இடம்.

இருளர் கதை நம் கதையைவிட ஒரு படி கீழே. 1882 வனச் சட்டம் காட்டை அரசுடையது ஆக்கியது. தேன், கிழங்கு, மூலிகை எடுத்தவர்கள் திருடர் ஆனார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு பாம்புத்தோல் பிழைப்பும் போயிற்று. 1978-ல் வடநெம்மேலியில் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்ததால் கொஞ்சம் பேருக்கு வழி கிடைத்தது. நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் எடுத்தது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மற்றவர்கள்? முன்பணத்துக்கு அரிசி மில்லிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இருளர் என்று இந்த ஜில்லாவில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும். 1859 இன்னும் சாகவில்லை. 2021 நவம்பர் 4-ல் பூஞ்சேரிக்கு முதலமைச்சரே வந்து இருளர்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் பட்டா கொடுத்தார். கொடுத்தது நல்லது. மாமல்லபுரத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற பூர்வகுடிக்கு ஒரு மனைக்காகச் சுதந்திரம் வந்து எழுபத்து நாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

இப்போது என் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் எட்டு இருளர் வீடுகள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்து குடிசை போனபோது, சேரியை ஒட்டியிருந்த புறம்போக்கில் வந்து இறங்கினார்கள். "இங்க வந்து உட்கார்ந்தா நாளைக்கு நம்ம பசங்களுக்கு எடம் எங்க?" என்று கூட்டம் கூடி அவர்களைத் திருப்பி அனுப்பியது எங்கள் தெரு. அந்தக் கூட்டத்தில் பேசினவர்களில் எங்க நைனாவும் ஒருத்தர். காரணைக்காக ராத்திரி முழுக்க வீடு திரும்பாத அதே நைனா. ஒரு பெரியவர் பானையைத் தூக்கிக்கொண்டு போகும்போது "சரி சாமி, நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்கள்.

பேரரசு போனபிறகும் அதன் கணக்குப் புத்தகம் ஏன் சாகாமல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒவ்வொருத்தனுக்கும் அதில் தனக்குக் கீழே எழுத ஒரு பேரு கிடைக்கிறது. பஞ்சமி நிலம் கேட்கிற நாம் அந்த நிலத்தில் இருளருக்கும் பங்கு என்று சொல்லாவிட்டால் நாமும் ஒரு சின்ன மிராசுக்குத்தான் மனு போடுகிறோம். தோழர்களில் சிலருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

போன வருஷம் நைனாவிடம் இதைக் கேட்டேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "தப்புதான்டா" என்றார். மறுபடி ஒன்றும் பேசாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கோடிக்குக் கூட்டிப்போனார். வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக் காட்டினார். தாத்தா நட்ட கல்லு அங்கேயேதான் இருந்தது. ஒரு பக்கம் பிளாட்டுக்காரன் மஞ்சள் பெயிண்டு அடித்திருந்தான். 'அ' பதிவேட்டுத் திருத்தத்துக்கு நான் போட்ட மனுவில் இப்போது ஒன்றரை ஏக்கரோடு, அந்த எட்டு வீட்டுக்கும் ஏரிக்கரையிலிருந்து மேட்டுக்கு மனை வேண்டும் என்று இன்னொரு மனுவும் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் கையெழுத்து நைனாவுடையது.